டெக்கைத் திறந்தால் தெரியும்

வீடியோ டெக் திருத்துகிறவனிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள்: தாங்களே கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள், கையே வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள், பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான். ரேடியோ, மணிக்கூடு, தையல் மெஷின் என்று நீங்கள் எதைத் திருத்திப் பிழைத்தாலும் இதைப் படிக்கும்போது உங்களுக்கும் வயிறு எரியும். எரியட்டும். எண்பதுகளில் பதுளை பஜாரில், ஒரு புடவைக் கடைக்குப் பின்னால், ஒரு மேசையும் பழைய டீவியும் போட்டுக்கொண்டு நான் பட்ட பாட்டை நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

உள்ளிருந்து வந்த எண்ணெய்

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் டெக்கைக் கொண்டுவந்தார். "படம் நடுங்குது, கிறீச்சுனு சத்தம் வேற. யாரும் தொடல" என்றார். மூடியைக் கழற்றினேன். குப்பென்று தேங்காயெண்ணெய் வாசனை. பெல்ட்டெல்லாம் ஊறி, வழுக்கி, நூடில்ஸ் மாதிரிக் கிடக்கிறது. நாடாவில் இருக்கும் படத்தைத் தொட்டு எடுத்துத் தருகிற ஹெட் என்ற உருளையில் எண்ணெய் முத்து முத்தாக நிற்கிறது.

இரண்டு நாள் அதைத் துடைத்தேன். துடைத்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோனால் என் மனைவி தாளிக்கிறதற்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருப்பாள். வாத்தியார் வந்தபோது அந்தத் துணியை அவர் மூக்குக்கு நேராகவே நீட்டினேன். முகம் கொஞ்சமும் மாறவில்லை. நிதானமாக மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெய் நான் விடல தம்பி. பழைய மெஷின் பாருங்க, உள்ளுக்கிருந்தே ஊறுது போல."

பெரிய வாய்

பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் நானா, பலசரக்குக் கடை முதலாளி. அவருடைய டெக்கை நான் ஏழெட்டுத் தடவை திருத்தியிருப்பேன். அது சின்ன கேசட் போடுகிற வகை. அந்த வகைக்குச் சாமான் வருவது நின்றுவிட்டது. "நானா, இதுக்கு இனி உயிர் இல்லை. புதுசு வாங்குங்க. ஆனா புதுசெல்லாம் பெரிய கேசட் போடுறது, உங்க பழைய கேசட் ஒண்ணும் அதுல ஓடாது" என்று சொன்னேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை சொன்னேன். நான் வேலை தெரியாமல் தட்டிக் கழிப்பதாகக் கடைத்தெரு முழுக்கப் பேசினாராம்.

கடைசியில் கொழும்புக்குப் போய்ப் புதிது வாங்கினார். ஒரே வாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார். பெரிய வாய்க்குள் சின்ன கேசட் ஒன்றைத் திணித்து, அது உள்ளே சரிந்து சிக்கி, அதை எடுக்க கரண்டிக் காம்பை விட்டு நோண்டி, புத்தம் புது மெஷினின் பற்சக்கரம் இரண்டு உடைந்து கிடந்தது. "நான் ஓடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன். அவரோ என்மேல் பாய்ந்தார்: "கேசட் உள்ளுக்குப் போறது தானே? உள்ளுக்குப் போயும் படம் வாரல்ல எண்டா அது ஒன்ட பிழை!"

சரோஜாவின் கேசட்

ஒரு நாள் காலை, கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து சரோஜா என்ற பெண் வந்தார். பெரகலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் மாறி, வழி முழுக்க டெக்கை மடியிலேயே வைத்திருந்தாராம். பழைய சேலையில் பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றியிருந்தார். நாலு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்து வாங்கிவந்த டெக் அது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் கரண்ட் இல்லை. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், "என் குவார்ட்டர்ஸ்ல கரண்ட் இருக்கு, இங்க வச்சிரு, பத்திரமா இருக்கும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் அவர் வீட்டார் படம் பார்த்தார்கள். சரோஜா ஒரே ஒரு படம் பார்த்தார், வாசற்படியில் உட்கார்ந்து. பிறகு கிளாக்கர் அதைத் திருப்பிக் கொடுத்து, "ஆரம்பத்துலயே மட்டமான சாமான்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

திறந்து பார்த்தேன். ஹெட் தேய்ந்து வழவழவென்றிருந்தது. கேசட் தட்டுக்குக் கீழே, ஆட்டம் நிற்பதற்காக, ஒரு காகிதத்தை நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். தோட்ட ஆபீஸ் துண்டுச் சீட்டு, கிளாக்கரின் கையெழுத்தோடு. எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

"இன்னைக்கு இது ஓடாது தங்கச்சி" என்றேன். அவர் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். அவர் குவைத்தில் இருந்தபோது மகள் செல்வி பெரியவளானதற்கு நடந்த சடங்கு வீடியோ. செலவுக்கு அங்கிருந்து காசு அனுப்பியதே அவர்தான். வந்து ஒரு வருஷமாகியும் பார்க்கவில்லை. கிளாக்கர் வீட்டில் கேட்டபோதெல்லாம் "இந்தப் படம் முடியட்டும்" என்றார்களாம். என்னுடைய டெக்கில் போட்டேன். மாலையும் பூவுமாகச் செல்வி உட்கார்ந்திருந்தாள். யாரோ தட்டை நீட்டுகிறார்கள். பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தேடிவிட்டு, உதட்டைக் கடித்துக் குனிந்துகொள்கிறாள். சரோஜா டீவிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார். முடிந்ததும் சொன்னார்: "எம்புள்ள அழுதிருக்காண்ணே. ஒருத்தருமே கடதாசியில எழுதல."

ஒரு சின்னக் கடிதம்

சரோஜா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் முறையிட்டார். தலைவர் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் விசாரணை கேட்டார். உடனே கிளாக்கர் என் கடைக்கு வந்துவிட்டார், இஸ்திரி போட்ட சட்டையோடு, சிரித்துக்கொண்டு. "டெக் வரும்போதே பழுதுன்னு ரெண்டு வரி எழுதித் தாங்க. நம்ம ஸ்டாஃப் ஆளுக எல்லாரும் உங்ககிட்டதானே வர்றோம்" என்றார்.

உண்மைதான். என் பிழைப்பில் பாதி தோட்டத்து ஸ்டாஃப் வீடுகளிலிருந்துதான் வந்தது. ஒரு நிமிஷம் பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் டீவிக்கு முன்னால் அந்தப் பெண் நின்ற இடத்தில்தான் இந்த மனுஷன் நின்றுகொண்டிருந்தார். "ஹெட் ஓடி ஓடித் தேஞ்சிருக்கு சார். அதைத்தான் எழுதுவேன்" என்றேன். சிரிப்புப் போய்விட்டது. படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "இவ்வளவு வாய் வச்சிருக்கிறவனுக்கு இந்த டவுன்ல எதுக்குய்யா கடை?"

எங்கே வைப்பது

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கொஸ்லந்தைக்குப் பஸ் ஏறினேன். ஆபீசில் துரை நாற்காலியில், கிளாக்கர் பக்கத்தில், தலைவரும் சரோஜாவும் நின்றுகொண்டு. "ரெண்டே ரெண்டு படம்தான் போட்டோம்" என்றார் கிளாக்கர். நான் தேய்ந்த ஹெட்டையும் மடித்த துண்டையும் மேசையில் வைத்து, அது எங்கே இருந்தது என்று சொன்னேன். துரை துண்டை விரித்தார், எழுத்தைப் பார்த்தார், கிளாக்கரைப் பார்த்தார். புது ஹெட் கிளாக்கர் செலவில் என்று முடிவாயிற்று. அடுத்த வாரமே மாட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தப் பக்கத்து ஸ்டாஃப் வீடுகளிலிருந்து ஒரு டெக்கும் என்னிடம் வரவில்லை.

ஆனால் எனக்கு இன்னும் ஆறாதது வேறு. விசாரணை முடிந்து வெளியே வந்ததும், வெட்கமென்பது துளியும் இல்லாமல், கிளாக்கர் சரோஜாவிடம் சொன்னார்: "சரி, நடந்தது நடந்து போச்சு. திருத்தினதும் நம்ம வீட்டுலயே கொண்டாந்து வச்சிரு. லயத்துலதான் கரண்ட் இல்லையே." சரோஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "வேணாங்கய்யா. கரண்டு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் ஓடாமலே எங்க வீட்டுல இருந்துட்டுப் போகட்டும்."

அதிலிருந்து யாராவது டெக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தால், என்ன பழுது என்று கேட்பதற்கு முன்னால், இத்தனை நாள் யார் வீட்டில் இருந்தது என்றுதான் கேட்பேன்.