சலீம் நானாவின் பாஸ்வேர்ட் கொப்பி

போன சனிக்கிழமை அலுவிகாரையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மனைவி மாலா, சின்னவளின் பிறப்புச் சான்றிதழை டவுனில் லெமினேட் செய்து அப்போதுதான் கொண்டுவந்து மேசையில் போட்டிருந்தாள். சூடான பிளாஸ்டிக் வாசம் இன்னும் போகவில்லை. எனக்கு ஒரு கையால் தேநீர் ஊற்றியபடி, மறு கையால் போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'உங்கள் ஈமெயில் இன்று மாலையோடு மூடப்படும். மூடாமல் இருக்க உங்கள் பாஸ்வேர்டைக் கீழே எழுதவும்' என்று யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பியிருந்தான். மகராசி பாதி எழுதிவிட்டாள். போனைப் பிடுங்கினேன். தேநீர் என் சேலையில் கொட்டியது.

"ஏன் அண்ணி இப்படிப் பதறுறீங்க? நம்மகிட்ட என்னா இருக்கு களவெடுக்க?" என்றாள்.

கேட்டவுடன் எனக்குக் கோபம் வருகிற வாக்கியங்கள் மூன்று உண்டு. இது முதலாவது. மற்ற இரண்டும் என் கணவர் சொல்பவை. இதை நான் இருபது வயதில் வேலை பார்த்த கடையில் தினமும் கேட்டிருக்கிறேன். அந்தக் கடையும் இதே பிளாஸ்டிக் வாசம்தான் அடிக்கும்.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கொமியூனிகேஷன் அது. வெளிநாட்டுக்கு கோல் எடுக்கக் கண்ணாடிக் கூண்டு, ஒரு போட்டோ கொப்பி மெஷின், ஒரு லெமினேட் மெஷின், இரண்டு கொம்பியூட்டர். முதலாளி சலீம் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவரை நல்லவர் என்று சொன்னால் போதாது. ஊரில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவர்தான். ஈமெயில் வந்த புதிதில், ஆள் பிடித்து ஆள் பிடித்து எல்லோருக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். யாரும் மறந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பாஸ்வேர்ட் வைத்தார்: அவரவர் பெயர், பின்னால் கடை டெலிபோன் இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள். அப்படியும் மறப்பவர்களுக்காக அத்தனையும் தடித்த அட்டை போட்ட ஒரு பெரிய சீஆர் கொப்பியில் எழுதி, மேசைக் காலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நூல் எதற்கென்றால், கொப்பி காணாமல் போய்விடக் கூடாதாம். அவ்வளவு பாதுகாப்பு.

சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நான் எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர் போட்டால் கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து எங்கள் லயத்துப் பக்கம் போகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். உறை சில நேரம் ஒட்டியபடி வரும், சில நேரம் திறந்து வரும். மழையில் பசை விட்டுப்போச்சு என்பார்கள். கொளுத்தும் வெயில் காலத்திலும் அதே பதில்தான். என் உயர்தரப் பரீட்சை முடிவு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பாடத்தில் கோட்டை விட்டிருந்தேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் எனக்கு அனுதாபம் சொன்னபோது, எதற்கென்று தெரியாமல் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஆகவே கடையில் நான் செய்ததும் அதைத்தான். காலையில் கொப்பியைத் திறந்து, ஒவ்வொருவர் கணக்காகப் பார்த்து, வந்த கடிதங்களை அச்செடுத்து மடித்து வைப்பேன். உக்குவளைக்கு ஒரு பெட்டி, பல்லேபொலைக்கு ஒரு பெட்டி. அந்தப் பக்கம் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவேன். சுறுசுறுப்பான பிள்ளை என்று எனக்குப் பெயர் வேறு.

பிலோமினா அக்கா உக்குவளையில் இருந்தார். தோட்டத்தில் எங்களுக்கு இரண்டு லயம் தள்ளிப் பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டிப் போனவர். அதிகம் பேசமாட்டார். கொழும்பில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். தங்க அறை உண்டு, மகளையும் கூட வைத்துக்கொள்ளலாம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வீட்டில் அடி விழுகிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனி மாத வெயிலிலும் நீளக் கை வைத்த சட்டை போட்டு வருவார். அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை என்றால் என் புத்தியை என்ன சொல்வது?

விடுதியிலிருந்து கடிதம் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு வரவும், வருவதை உறுதிப்படுத்தி எழுதவும் என்று இருந்தது. அச்செடுத்து மடித்தேன். அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர் அந்தோனி போட்டோ கொப்பி எடுக்க வந்தார். உக்குவளைக்குத்தானே போகிறார் என்று அவர் கையிலேயே கொடுத்தேன். சிரித்துக்கொண்டு கொடுத்தேன் என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

புதன்கிழமை பிலோமினா அக்கா வந்தார். கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டார். அந்தோனி அண்ணனிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே என்றேன். அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தங்கச்சி, அது எனக்குத்தானே வந்திச்சி?"

அவரை உட்கார வைத்துக் கணக்கைத் திறந்தேன். வந்த கடிதத்துக்கு ஏற்கெனவே ஒரு பதில் போயிருந்தது. 'எனக்கு வர விருப்பமில்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கவும். பிலோமினா.' நல்ல ஆங்கிலம். ஊரில் அப்படி ஆங்கிலம் எழுதக்கூடியவர் ஒருவர்தான். சலீம் நானாவிடம் கேட்டேன். முந்தின நாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது அந்தோனி வந்து, மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஒரு பதில் எழுத வேண்டும் என்றாராம். நானா கொப்பியைப் பார்த்து, கணக்கைத் திறந்து, எழுதி அனுப்பியும் விட்டார். உதவிதானே என்று. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் விளங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேலேயே. முதலில் பாஸ்வேர்டை மாற்றுவோம் என்றேன். அக்கா ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். நான் எழுந்து சுவரைப் பார்த்து நின்றேன். "நீ பார்த்தா என்னா, நீதானே," என்றார். வேண்டாம் என்றேன். எனக்குத் தெரியாததை எவனும் என்னிடமிருந்து வாங்க முடியாது என்று அந்தச் சுவரைப் பார்த்து நின்றபோதுதான் புத்தியில் பட்டது.

அடுத்தது, பாஸ்வேர்ட் மறந்தால் கேட்கிற இரகசியக் கேள்வி. 'உங்கள் முதல் பாடசாலை எது?' எங்கள் தோட்டத்தில் இருந்ததே ஒரு பள்ளிக்கூடம். அந்தோனிக்கு மட்டுமல்ல, தோட்டத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்தப் பதில் தெரியும். பொய்யாக எதையாவது எழுதுங்கள் என்றேன். அக்கா திகைத்துவிட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

"பொய் எழுதினா பாவமில்லையா?"

"கொம்பியூட்டருக்குப் பொய் சொன்னா பாவமில்லக்கா. தைரியமா எழுதுங்க."

என்ன எழுதினாரோ, எழுதிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு விடுதிக்கு எழுதினோம்: 'முந்திய பதில் நான் எழுதியதல்ல. வெள்ளிக்கிழமை வருகிறேன்.' ஆங்கிலப்படுத்தித் தந்தது நானாதான், அக்கா சொல்லச் சொல்ல, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். மாலைக்குள் வரச் சொல்லிப் பதில் வந்தது. அச்செடுக்கவில்லை. வாசித்துவிட்டுக் கணக்கை மூடி, மூடியதா என்று இரண்டு தரம் பார்த்தோம்.

அடுத்த நாள் அந்தோனி வந்தார். எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. கொப்பியைப் புரட்டிப் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. புதியதைச் சொல் என்று கவுண்டரில் அடித்தார். பெண்டாட்டி கடிதத்தைப் பார்க்கப் புருஷனுக்கு உரிமை இல்லையா என்றார். வரிசையில் நின்ற நாலைந்து பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். நான் கொப்பியை மூடினேன்.

"அந்தக் கடிதம் உங்க பேருக்கு வரல. உங்க பேருக்கு ஒண்ணு வந்தா நானே கூப்பிட்டுத் தர்றேன்."

வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி நானாவிடம் கத்தினார். நானா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கடை என்னுடையது, வாசலை மறைக்காமல் நகருங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை அதிகாலை ரயிலில் பிலோமினா அக்கா மகளோடு போனார். வேலை கிடைத்தது. அதன் பிறகு அந்தோனி என்ன ஆனார், அவர்கள் சேர்ந்தார்களா பிரிந்தார்களா என்பதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம்.

எனக்கும் நானாவுக்கும் சண்டை அதற்குப் பிறகுதான். கொப்பியை ஒழிக்க வேண்டும் என்றேன். "மகள், நாளைக்கு மறந்து போனா அதுகள் யாருகிட்டப் போகும்?" என்றார். மறக்கட்டும், மறுபடி புதிதாகத் திறக்கட்டும் என்றேன். யார் வந்தாலும் உட்கார வைத்துப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். எனக்கும் சொல்லாதீர்கள் என்றேன். மாற்றியவுடன் கொப்பியில் அவர்கள் வரியை அவர்கள் கையாலேயே கறுப்பாக அடிக்க வைத்தேன். எங்களிடம் என்ன பிள்ளை இருக்கு என்று கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: ஒன்றும் இல்லாத வீட்டுக்கு ஏன் கதவு போட்டிருக்கிறீர்கள்? நானா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் வந்து கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னார்.

இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள். கண்ணாடிக் கூண்டு இல்லை, பெட்டிகள் இல்லை, நானாவும் மௌத்தாகிவிட்டார். நானாவுக்காக அழுதேன். அந்தக் கொப்பிக்காகவும், திறந்து வந்த உறைகளுக்காகவும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அந்தக் காலம் நல்ல காலம், எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று யாராவது என்னிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒன்று போனதில் மட்டும் வருத்தம். கொழும்பிலிருந்து பிலோமினா அக்கா எனக்கு எழுதிய கடிதங்கள், மொத்தம் பதினொன்று. நாங்கள் வைத்திருந்த அந்த இலவச ஈமெயிலை நடத்தியவர்கள் ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள், கடிதங்களும் அதோடு போயின. ஒன்றைக்கூட நான் அச்செடுத்து வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். அவற்றில் என்ன இருந்தது என்று என் கணவருக்குத் தெரியாது, மாலாவுக்குத் தெரியாது. உங்களோடு இவ்வளவு பேசிவிட்டேன், ஆனாலும் உங்களுக்கும் சொல்லமாட்டேன்.