தையில் பூசிய தரை

கந்தப்பளையில் ஜனார்த்தனனின் பெயரைச் சொல்லித் தேடினால் பாதிப் பேருக்குத் தெரியாது. பாஸ் என்றால் போதும், வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். பாதி வழியில் நின்றுபோன ஓட்டோவின் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். இரண்டு தரம் ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். மூன்றாம் தரம் வண்டி ஓடும்.

அந்தக் கைத்திறன் அப்படியேதான் இருந்தது. கெட்டுப்போனது இடுப்பு. நுவரெலியாவில் அவர் வேலை செய்த கராஜின் டைல் தரையில் எண்ணெய் கொட்டிக் கிடந்ததைக் கவனிக்காமல், கியர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து விழுந்தார். எலும்பு கூடியது, ஆனால் அதன்பிறகு அவரால் குந்த முடியவில்லை. குந்த முடியாத மெக்கானிக்கை எந்தக் கராஜிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

குந்தத்தான் முடியாதே தவிர, படுக்க முடியும். பலகை ஒன்றின் அடியில் நான்கு பெயரிங் உருளைகளைப் பூட்டி, அதில் மல்லாந்து, நல்ல காலால் உந்தி வண்டிக்கு அடியில் போய்வர அவர் பழகிக்கொண்டார். புது வீட்டின் பக்கவாட்டில் தகரம் போட்டு ஒரு கராஜும் எழுப்பிவிட்டார். ஆனால் அதன் தரை வெறும் சொரசொரப்புச் சீமெந்து. பலகை இரண்டடி உருண்டு மூன்றாவது அடியில் சிக்கும். காலால் எத்தினால் தூசி கிளம்பிக் கண்ணிலும் கழற்றி வைத்த காபரேட்டரிலும் விழும். இதற்கிடையில் மரக்கறி ஸ்டோர் வைத்திருக்கும் வைரவன் முதலாளி, கேட் காவலுக்கு ஆள் வேண்டும், சித்திரை வரைக்கும் அந்த இடத்தை உனக்காகவே வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டிருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாற்பத்து நான்கு வயதில் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே ஜனார்த்தனனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே கார்த்திகை முழுக்க அவர் ஊரில் உள்ள தரைகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தார். டைல் வேண்டாம், அது அவரை ஒருமுறை விழுத்தியது போதும், வண்டி தூக்கும் ஜக்கு தவறி விழுந்தாலும் வெடித்துவிடும். கோயில் மண்டபத்துச் சிவப்புச் சீமெந்து வழவழவென்று இருந்தது; ஆனால் விளக்கடியில் எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தது. கடைசியில் நுவரெலியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பொன்னையா, எபொக்சி என்ற பிசின் பூச்சுப் பூசிய சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் சுத்தியலைப் போட்டார். பிரேக் ஒயிலை ஊற்றிப் பழைய துணியால் துடைத்தார். அடையாளமே இல்லை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே மாவு போன்ற மணலைத் தூவிவிட்டால் கால் வழுக்காது, பலகையும் உருளும் என்றார். தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், குளிரில் பூசக் கூடாது என்றும் சொன்னார்.

கடைசியில் சொன்னது ஜனார்த்தனனின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே நாள் பார்த்து வைத்திருந்தார். தை மாதம், இரண்டாம் வெள்ளி. கடை திறப்பதென்றாலும் கல்யாணம் என்றாலும் எல்லாரும் தையைத்தானே பார்க்கிறார்கள்?

தை பிறந்த மூன்றாம் நாள் தரையைக் கழுவி, பொன்னையாவிடம் வாங்கி வந்த இரண்டு டின்களையும் கலந்து, ரோலரால் பூசி முடித்தார். இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டியது. ஐந்தாம் நாளும் ஒட்டியது. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மேலே வெள்ளை படர்ந்திருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, சொன்னவர்களும் வந்துவிட்டார்கள். கற்பூரம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நிஷாந்தியின் ஓட்டோவை உள்ளே விட்டார்கள். அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குபவள். வண்டியை அவள் பின்னால் எடுத்தபோது தரையின் தோல் டயரோடு உரிந்து வந்தது. வாயில் சர்க்கரைப் பொங்கலோடு நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பழைய சாமானை விற்றுவிட்டீர்கள் என்று அவர் போனில் பொன்னையாவிடம் பாய்ந்தார். பொன்னையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, பூசுன அன்னைக்குக் காலையில ஒங்க பக்கம் பனி எப்புடி?"

பூசிய அன்று விடிந்தபோது கிழங்குத் தோட்டம் முழுக்க உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஜனார்த்தனன் போனை வைத்தார்.

அவருடைய மனைவி பூரணி தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் பத்தொன்பது வருடமாக வேலை செய்பவள். அவள் உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"பனி மட்டும் இல்லைங்க. கொழுந்தும் இப்புடித்தான். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், காம்புக்குள்ள தண்ணி நிக்கும். அத அப்புடியே மெசின்ல போட்டா எல்லாம் பாழ்."

மெத்தை சுற்றி வந்த பொலித்தீனைத் துண்டுகளாக வெட்டி, பூச்சு உரிந்த இடங்களில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டினாள். மறுநாள் பார்த்தபோது வாசல் பக்கத்துப் பொலித்தீன் காய்ந்திருந்தது. மலைப் பக்கத்துப் பொலித்தீனின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அதன் ஊற்று நேராகத் தரைக்கடியில் வந்துகொண்டிருந்தது.

பூரணியின் அண்ணன் மாயாண்டி தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மலையில் வழிகிற தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓட, தேயிலைக்கு நடுவே அந்தக் கால்வாய்களை வெட்டியே முதுகு வளைந்தவர். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் மச்சான், நம்ம பரம்பரையே கான் வெட்டுற பரம்பரை. தேயிலைக்கு வெட்டுவோம், ஒங்க வீட்டுக்கு வெட்ட மறந்துட்டோமே."

"சிரிச்சது போதும் மச்சான். மம்பட்டிய எடுங்க."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் இரண்டடி ஆழத்தில் வெட்டிக் கல் நிரப்பி, தண்ணீரை ரோட்டோரக் கானில் கொண்டுபோய் விட்டார்கள். மாசி முழுக்க ஜனார்த்தனன் வாயில் துணி கட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்தபடியே கிரைண்டரால் பழைய பூச்சைச் சுரண்டினார். அந்த மாதத்தில் வைரவன் முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். இரண்டாம் தடவை, சித்திரைக்குப் பிறகு வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்ற சொல்லும் சேர்ந்து வந்தது. பூரணி பொலித்தீனை ஒட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் துளி, பிறகு வெறும் ஆவி. பங்குனி நடுவில் ஒருநாள் உரித்தபோது ஒன்றுமே இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஜனார்த்தனன் புதிதாக வாங்கிய டின்களைச் சூடேற வெயிலில் வைத்தார்.

"நல்ல நேரம் பாக்கலையா?" என்று பூரணி கேட்டாள்.

"பொலித்தீனப் பாத்தாச்சுல்ல."

இந்த முறை பூசி மணல் தூவிய பிறகு, காய்வதற்கென்று டின்னில் போட்டிருந்த ஏழு நாளுக்கு மேல் இன்னும் மூன்று நாள் விட்டார்கள். பூனை போகாமல் வாசலில் மாயாண்டி வலை கட்டினார். பத்தாம் நாள் ஜனார்த்தனன் செருப்பைக் கழற்றிவிட்டு, தாங்கித் தாங்கி உள்ளே நடந்தார். ஒட்டவில்லை. வழுக்கவும் இல்லை.

முதல் வேலைக்கு யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. நிஷாந்தியே வந்தாள், கிளட்ச் இழுக்கிறதாம். அவள் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, டயரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "உள்ள விடவா பாஸ், இல்ல பயமா இருக்கா?" என்றாள். வண்டியை ஜக்கில் ஏற்றியதும் ஜனார்த்தனன் பலகையில் மல்லாந்து ஒரு உந்து உந்தினார். பலகை தேவைக்கு மேலேயே ஓடி அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. மெதுவாகப் பின்னுக்கு வந்தார்.

கிளட்ச் கம்பியைப் பாதி கழற்றியிருக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. வைரவன் முதலாளி. முடிவைச் சொல்லும்படி கேட்டார். ஜனார்த்தனன் படுத்தபடியே நன்றி சொல்லி, வேறு ஆளை வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். முதலாளி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

"அப்ப வேலைய ஆரம்பிச்சிட்டியா? நம்ம மரக்கறி ஏத்துற சின்ன பட்டா லொறி ஒரு மாசமா ஒரு பக்கமா இழுக்குது. அனுப்பவா?"

"அனுப்புங்க முதலாளி. திங்கக்கெழம காலையில. இன்னைக்கு நாளைக்கு நேரம் இல்ல."