ஆள் இறங்கிய வண்டி

புரட்டாசியில் தொடங்கி ஆறு வாரம் என் கார் யாரோ இப்போதுதான் இறங்கிப்போனது போலவே நின்றது. வலது பக்கம் ஒரு விரற்கடை உயரம், இடது பக்கம் தாழ்வு. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மெக்கானிக்குக்கும் தெரியும். காரணம் தெரிந்த பிறகும் பயம் போகாத விஷயங்கள் உண்டு என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

குடவாசலில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. கணவர் கத்தாரில். பத்து வயதான சின்ன பெட்ரோல் கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவர் ஊருக்கு வரும் ஒரு மாதம் போக மற்ற நாளெல்லாம் அது என் கையில்தான். வேலைக்குப் போவது அதில். மளிகை வாங்குவது அதில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதையே தஞ்சாவூருக்கு ஓட்டிக்கொண்டுபோய்ப் போட்டியில் கலந்துகொள்வேன்.

போட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் அரிசி ஆலை ஒன்றின் சிமெண்டுக் களம், நெல் காயப்போடுவதற்காகப் போட்டது. அதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. கூம்பைத் தட்டாமல் சுற்றி வர எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆட்டோகிராஸ் என்று பெயர். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வீடு, வேலை, கத்தார் எதுவும் நினைவிருக்காது. அதற்காகவே போனேன்.

என் வண்டியில் ஒரு குறை. வளைவில் சாயும். சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்வதற்குள் அடுத்த கூம்பு வந்துவிடும். சக்கரங்களின் மேல் வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷனை மாற்றுவது என்று தீர்மானித்தேன். அதற்கென்று கையில் இருந்தது ஒரு மாதச் சம்பளம்.

களத்துக்கு வருகிற வண்டிகளில் பாதி ஒரே ஆளின் கைபட்டவை. தஞ்சாவூரில் பட்டறை வைத்திருக்கும் அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். அது மூன்று முறை ஆடி நின்றது.

"ஷாக் அப்சார்பர் போயிடுச்சு மேடம். ஒரு தடவை எழுந்து அப்படியே நிக்கணும்."

"ஸ்பிரிங்கை மட்டும் கட்டையா மாத்தினா போதாதாண்ணே? செலவு கம்மியாகும்."

"களத்துல நல்லாத்தான் இருக்கும். ஆனா தினம் நீங்க போற ரோடு என்ன ரோடு? தெருவுக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர். மிச்சம் இருக்கிறது அறுவடை மெஷின் ஏறி இறங்கின வாய்க்கால் கரை. கட்டை ஸ்பிரிங் போட்டா முதல் மாசமே அடி தட்டும். முதல்ல நல்ல டயர். அப்புறம் நாலு ஷாக்கும் புதுசு. காசு மிஞ்சினா ஸ்பிரிங்கைப் பத்திப் பேசலாம்."

சரியான யோசனை. அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் காயிலோவர் மேல் ஆசை. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தண்டில் இருக்கும். வெளியே ஒரு ரிங் இருக்கும். அதைத் திருகி, வண்டியின் ஒவ்வொரு மூலையையும் வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். தினமும் ஓட்ட ஓர் உயரம், களத்துக்கு ஓர் உயரம். புதிதாக வாங்கினால் என் காரின் விலையில் பாதி போய்விடும். ஒரு நாள் செல்போனில் விளம்பரம் ஒன்று வந்தது. என் வண்டியின் அதே மாடலில் போட்டிருந்த நாலு காயிலோவர் மட்டும் விற்பனைக்கு, கொஞ்சமே ஓடியது, புதுசின் விலையில் கால்வாசி. வேதாரண்யத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர்.

அண்ணனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை போனேன். உச்சி வெயில். உப்பளங்களைத் தாண்டும்போது கண்ணைத் திறக்க முடியவில்லை, அத்தனை வெள்ளை. வீட்டில் ஐம்பது வயதை ஒட்டிய பெண் ஒருவர் மட்டும் இருந்தார். கரையில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிற தொழில். கார் அவருடைய தம்பியுடையது. தம்பி சொந்தப் படகு வைத்திருந்தவர், மாசியில் இறந்துவிட்டார் என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

கீற்றுக் கொட்டகையில் கார் நின்றது. ஏழு மாதம் ஓடாத வண்டியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அண்ணன் அதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வலது பக்கம் ஒசந்து நிக்குதே. இடது பக்கம் ஸ்பிரிங் ஒடைஞ்சிருக்காக்கா?"

"ஒடையல தம்பி. அவன்தான் அப்படித் திருகி வெச்சான். நூத்திப்பத்து கிலோ இருந்தான். ஸ்டியரிங் பக்கம் அவன் உக்காந்தா வண்டி நேராயிடும். பந்தயத்துக்கு அப்படித்தான் வெக்கணும்னு சொல்லுவான்."

அண்ணன் தலையாட்டினார். தெரிந்தவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். ஓட்டுகிறவரின் எடையையும் வண்டியின் எடையாகக் கணக்கில் எடுத்து நாலு மூலையையும் சமன் செய்வார்கள்.

அக்கா கையால் வீட்டின் பக்கவாட்டைக் காட்டினார். "அது அடுப்படி ஜன்னல். அங்கேருந்து பாத்தா இது தெரியும். வண்டி சாஞ்சு நின்னா உள்ள ஆள் இல்ல. நேரா நின்னா உள்ள உக்காந்து பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கான். அன்னைக்கு மத்தியானம் நேராத்தான் நின்னுச்சு. சோறு ஆறுதுடான்னு ரெண்டு தடவை குரல் குடுத்தேன். நேரா நிக்குதே, உள்ளதானே இருக்கான், வருவான்னு இருந்துட்டேன். மூணு மணி நேரம்."

காற்றில் கீற்று மட்டும் சரசரத்தது.

"மாரடைப்பும்மா. முதல் அரை மணியில தூக்கியிருந்தா பொழைச்சிருப்பானோ என்னவோ. உங்களுக்குப் பயமா இருந்தா வேணாம். முன்னாடி ரெண்டு பேரு இதைக் கேட்டுட்டுத்தான் போயிட்டாங்க. சொல்லாம விக்க மனசு வரல."

"ஏன்க்கா விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஜன்னல்ல பாக்குறத நிறுத்த முடியல. இதைக் கழட்டிட்டா வண்டி செங்கல்லு மேல நிக்கும். அப்புறம் எப்பவும் ஒரே மாதிரிதானே நிக்கும்."

வாங்கினேன். விலைக்காக வாங்கினேன், இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாததாலும் வாங்கினேன். அண்ணன் அங்கேயே ஜாக்கி போட்டுக் கழற்றினார். ஷாக்குகளில் எண்ணெய்க் கசிவு இல்லை, அழுத்தமும் நன்றாக இருந்தது. ஆனால் உயரம் மாற்றும் ரிங்குகள் உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தன. "பலவந்தமாத் திருப்பினா மரை போயிடும் மேடம். வாரா வாரம் எண்ணெய் விட்டு ஊறவெப்போம். அதுவரைக்கும் இப்படியே ஓட்டுங்க." அப்படியே என் காரில் மாட்டினோம். வலது பக்கத்தது வலது பக்கத்தில், இடது பக்கத்தது இடது பக்கத்தில்.

என் எடை நாற்பத்தெட்டு கிலோ. நான் உட்கார்ந்தால் வண்டி பாதிதான் நேராகும். மிச்சப் பாதி என்னிடம் இல்லாத எடை. ஓட்டும்போது அந்தச் சாய்வு இடுப்பில் தெரியும். பெரிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது.

முதல் வாரத்திலேயே சத்தம் தொடங்கியது. வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பேன். பின்னால் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். காரிலிருந்து ஒருவர் இறங்கும்போது ஸ்பிரிங் எழும்புகிற சத்தம். அண்ணனிடம் சொன்னேன். "மேலே இருக்கிற பேரிங் இறுக்கமா இருக்கு. ஸ்டியரிங்கைத் திருப்புறப்ப ஸ்பிரிங் முறுக்கிக்கும். நிறுத்தினப்புறம் அந்த முறுக்கு மெதுவா விடும், அதான்" என்றார். கிரீஸ் வைத்தார். சத்தம் நின்றது. நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்டது.

களத்தில் என்னுடைய முந்தைய நேரத்தைவிட நாலு நொடி குறைந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. வலது வளைவில் வண்டி நினைத்த இடத்தில் திரும்பியது. இடது வளைவில் ஒரு கணம் தயங்கியது. கனத்த உடம்புக்காரர் ஒருவர் இருக்கையில் நகர்ந்து உட்கார எடுக்கும் நேரம். அந்த நேரத்தை நான் காத்திருந்து கொடுக்கப் பழகிவிட்டேன். கொடுத்தால் வண்டி அழகாகத் திரும்பியது.

கணவருக்கு வண்டியின் படம் ஒன்று அனுப்பினேன். வீட்டுக்குப் போகும் வழியில், நடவு முடிந்த வயலோரம் நிறுத்தி எடுத்தது. உடனே அழைத்தார்.

"சாஞ்சு நிக்குதுன்னு சொன்னே? இதுல நேராத்தானே நிக்குது."

பெரிதாக்கிப் பார்த்தேன். நேராகத்தான் நின்றது. "ரோடு அந்தப் பக்கம் சரிஞ்சிருக்கும்ங்க" என்றேன். அவரும் ஆமாம் என்றார். மறுநாள் அதே இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஐப்பசியின் முதல் மழை ஒரு நண்பகலில் பிடித்தது. பரிசோதனைக் கூடத்தின் பின் ஜன்னல் வழியே வண்டி நிறுத்தும் இடம் தெரியும். சிமெண்டுத் தரை, மண் இறங்கிவிட்டது என்று சொல்ல வழியில்லை. ரத்தக் குழாய்களைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு டைமரைத் திருகிவிட்டு நிமிர்ந்தேன். மழைக்குள் என் கார் நேராக நின்றது.

கண்ணாடியில் நீர் வழிகிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். பின்னால் இருந்த மதில்சுவரின் விளிம்போடு வண்டியின் கூரையைப் பொருத்திப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன. இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தக் கூடாது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தும் வண்டி சாயவில்லை. என் நினைப்பெல்லாம் அந்த அடுப்படி ஜன்னல்தான். நேராக நிற்கிறதே, வருவான் என்று அந்த அக்கா நின்ற மூன்று மணி நேரம்.

இயந்திரம் நின்றதும் குடைகூட எடுக்காமல் இறங்கி ஓடினேன். கண்ணாடியில் நீராவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை விரலால் தட்டினேன். என்ன பேசுகிறோம் என்று யோசிக்கும் முன்பே வாய் பேசிவிட்டது.

"சோறு ஆறுதுண்ணே."

டக் என்றது. என் கண் முன்னால் வலது பக்கம் மெதுவாக ஒரு விரற்கடை எழும்பி நின்றது.

கதவைத் திறந்தேன். இருக்கை காய்ந்திருந்தது. எதுவும் இல்லை.

அன்று மாலை வேதாரண்யத்து அக்காவுக்குப் போன் செய்தேன். சொன்னால் மனம் புண்படுமோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எவ்வளவு நேரம் நேரா நின்னுச்சு?"

"பத்து நிமிஷம்க்கா."

"நீங்க போய்ப் பாத்தீங்கள்ல?"

"போனேன்க்கா. மெஷின் நின்ன உடனே போனேன்."

"நல்லதும்மா." பிறகு, "ஞாயித்துக்கிழமை நான் வரேன். அந்த ரிங்கைத் திருப்பிடலாம்" என்றார்.

இரண்டு பஸ் மாறி தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் பட்டறையில் வண்டியைத் தூக்கி, வலது முன்சக்கரத்தைக் கழற்றி, கடைசியாக ஒருமுறை எண்ணெய் விட்டு, வளைந்த கொக்கி ஸ்பேனரை ரிங்கில் மாட்டினார். அக்கா கையை நீட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஸ்பேனர் அவர் கைக்குப் போனது.

மீன் கூடை தூக்கிய கை. ஒரு இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் அசையவில்லை. காலைத் தரையில் ஊன்றி, தம்பியின் பேரை வாய்க்குள் சொல்லி இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு ரிங் விட்டுக்கொடுத்தது. பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அழவில்லை. மூச்சு வாங்க, "இன்னும் எத்தனை சுத்து தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பின்பக்கத்தையும் அவரே திருப்பினார். வண்டியைக் கீழே இறக்கியதும் அண்ணன் சொன்னார்: "மேடம், உள்ள உக்காருங்க. உங்க எடைக்கு வெச்சுடுவோம். களத்துல இன்னும் அரை நொடி குறையும்."

கதவின் பிடி வரை கை போயிற்று. என் எடைக்கு வைத்தால், நான் இல்லாத நேரமெல்லாம் வண்டி என் அளவுக்குச் சாய்ந்து நிற்கும். ஒருநாள் யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரலாம்.

"வேணாம்ணே. காலியா நிக்கிறப்ப நேரா இருக்கட்டும்."

"அரை நொடி போகும் மேடம்."

"போகட்டும்."

அக்கா என் புறங்கையில் தன் கையை வைத்து ஒருமுறை அழுத்தினார். உப்பும் எண்ணெயும் கலந்த சொரசொரப்பு. மதியச் சாப்பாட்டை ஓட்டலில் சேர்ந்து சாப்பிட்டோம். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த போட்டியில் ஐந்தாவதாக வந்தேன். இடது வளைவிலும் வலது வளைவிலும் வண்டி ஒன்றுபோலவே திரும்பியது. பழகிய அந்த ஒரு கணம் காத்திருந்துவிட்டு, இரண்டு கூம்புகளைத் தட்டினேன்.

சத்தம் இப்போது இல்லை. வண்டி எப்போதும் நேராக நிற்கிறது. என் எடைக்கு அது இறங்குவது அரை விரற்கடைகூட இல்லை. உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவமனை ஜன்னலிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் நான் கீழே இறங்கிப் போகிறேன். கண்ணாடியில் கையை வைத்து வெயிலை மறைத்து, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.