ஜெயசீலி அக்காவும் பூண்டு உரிக்கிற படமும்

பள்ளிக்கூட வராந்தாவில் மாப் போட்டுக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. ஜெயசீலி அக்காவின் மகள். "சித்தி, அம்மா போயிட்டாவ" என்றாள். லீவில் போன மனுஷி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே நாளில் முடிந்துவிட்டதாம். எதிரில் வருகிறவரையெல்லாம் கிண்டல் செய்கிற நான் அன்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் அம்மா பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். என் இதயம் ஒருமுறை நிற்கப் பார்த்தது அவருக்குத் தெரியும். அதை நிற்கவிடாமல் பிடித்துவைத்தவர்தான் இப்போது போய்விட்டார் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இந்த வளைகுடா நாட்டில், ஈசா டவுனில் இருக்கும் உங்களுக்கெல்லாம் அக்காவை நர்ஸாகத் தெரியும். ஊசி குத்தினால் வலிக்காது என்பீர்கள். ஒரே பிளாட்டில் குடியிருந்த எனக்கும், பார்லரில் வேலை செய்யும் ரோஸ்லினுக்கும் அவரை டிவி முன்னால்தான் அதிகம் தெரியும். டூட்டி முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்தால், அக்காவிடமிருந்து எந்த டைரக்டரும் தப்ப முடியாது. ஒரு சீரியலில் மாமியார் தலை நிறைய மல்லிகைப்பூவோடு ஐசியூவுக்குள் நடந்து போனாள். "ஏளா, அந்த வார்டு சிஸ்டர் எவ? அவளத்தான் முதல்ல வேலைய விட்டுத் தூக்கணும்" என்று கத்தினார். எட்டு எபிசோடு ஓடிய ஒரு சீரிஸைப் பார்த்துவிட்டு, "ஏழு வரைக்கும் நல்லாத்தாம் கொண்டு வந்தான். எட்டுல சம்பளம் வராதவன் மாதிரி முடிச்சுட்டான்" என்றார்.

அக்கா ஸ்டார் எல்லாம் கொடுக்க மாட்டார். பார்த்துக்கொண்டே என்ன வேலை செய்யலாம் என்பதுதான் அவருடைய மார்க். துணி மடிக்கிற படம், கீரை ஆயிற படம், பூண்டு உரிக்கிற படம். இதில் பூண்டுதான் கடைசி. தலை நிமிரவே வேண்டாம், காது இருந்தால் போதும். எப்போதாவது ஒன்று கையில் இருக்கிற வேலையை மறக்க வைக்கும். அதற்குப் பெயர் கை நிக்கிற படம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தேறினாலே அதிகம். எங்கள் மூவருக்கும் வாரத்தில் ஒரே ஒரு லீவு நாள். அதில் எதைப் பார்ப்பது என்பதை அக்காதான் சொல்வார்.

அப்படி ஒரு லீவு நாளின் மத்தியானம். ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்திலேயே அக்கா "பூண்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் முறத்தை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா பஞ்சு, ஏன் கை நின்னுட்டு?"

"படம் நல்லாப் போகுதுல்லக்கா."

"பொய் சொல்லாத. இந்தப் படத்துக்கெல்லாம் உன் கை நிக்காது."

அக்கா டிவியை அணைத்தார். அதற்கப்புறம் அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம். ஏசி ஓடுகிறது, என் ஜாக்கெட் முதுகில் நனைந்து ஒட்டியிருக்கிறது. தாடை கடுக்கிறது, மீன் முள் குத்தியிருக்கும் என்றேன். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வலியில்லை, யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி கனமாக இருக்கிறது என்றேன்.

"அட்டாக்குன்னா மாரைப் புடிச்சுக்கிட்டு பொத்துன்னு விழணுமேக்கா. நான் உக்காந்துதான இருக்கேன்?"

"அது நடிக்கவனுக்கு வாரது. பொம்பளைக்கு இப்பிடியும் வரும். வாயத் தொற. மாத்திரைய முழுங்காத, மெல்லு."

எனக்குச் சாவு பயத்தைவிட வேலை பயம். காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் அது. ஆஸ்பத்திரியில் படுத்தவளை யார் வைத்துக்கொள்வார்கள்? "காலையில பாத்துக்கலாம்க்கா" என்றேன்.

"காலையில நீ இருந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

எங்கள் பில்டிங்கைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று ரோஸ்லினைக் கீழே வாசலுக்கு ஓடச் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா என் நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அருள்நிறை மரியே என்று அசைந்தது. என் கண் செருகியது.

"பேசுளா! அந்தப் படத்தத் திட்டு!"

திட்டினேன். கதாநாயகியின் விக்கிலிருந்து வில்லனின் தொப்பை வரை திட்டினேன். நடுநடுவே எனக்கே என் குரல் கேட்கவில்லை. குரல் இறங்குகிறபோதெல்லாம் அக்கா என் தோளை உலுக்கி, "அப்புறம்? அப்புறம்?" என்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் மேலே வந்து, லிஃப்ட் மாஃபி, வேலை செய்யவில்லை என்றார்கள். என்னை நாற்காலியில் வைத்தே படியிறக்கினார்கள். பின்னால் அக்கா வெறுங்காலோடு யல்லா யல்லா, சீக்கிரம் சீக்கிரம் என்று அவர்களை விரட்டிக்கொண்டே வந்தார்.

இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. உள்ளே ஸ்டென்ட் என்கிற வலை வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் அக்காவிடம்தான் சொன்னார். அக்கா அதை என்னிடம் மொழிபெயர்க்கவேயில்லை; ரோஸ்லின்தான் பிறகு சொன்னாள். காண்ட்ராக்டும் போகவில்லை, இலேசான வேலைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்த அன்று அக்கா ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். "இனி இந்த வீட்டுல மாத்திரை போட்ட பொறவுதான் டிவி." ஊருக்கு லீவில் போன பிறகும் சாயங்காலம் போன் வரும். முதல் கேள்வி "போட்டியா?" இரண்டாவது கேள்விதான் படத்தைப் பற்றி.

செய்தி வந்த அன்று சாயங்காலம் போன் அடிக்கவில்லை. மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கை போகவில்லை. கேட்க ஆளில்லாத வீட்டில் எதற்குப் போடுவது என்று தோன்றியது. தாடை வேறு கடுக்கிற மாதிரி இருந்தது. அழுததாலா, அதுவா என்று தெரியாமல் பயந்தேன். ரோஸ்லின் தம்ளரில் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் எதுவும் கேட்கவில்லை. நானே சத்தமாக, "போட்டியா பஞ்சு?" என்று கேட்டுக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனி அதை நானே கேட்டுக்கொள்வேன்.

மாத்திரையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தாடைக் கடுப்பு அடங்கியது, அழுததால் வந்ததுதான். பிறகு டிவியைப் போட்டேன். படம் மகா மட்டம். கடைசி வரை இருந்து பார்த்தேன்.