நூலக மாடியில் ஒரு சைரன்

விடுதியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சைரன். ஆடு மேய்க்கும் வீட்டில் பிறந்தவள். இந்த மேட்டில் நின்று குரல் கொடுத்தால் அந்த மேட்டு ஆடுகள் ஓடிவரும். நகரத்தில் அந்தக் குரலைச் சீந்துவார் இல்லை. முதலில் வேலை பார்த்த செல்போன் கடை முதலாளி, "மெதுவா பேசும்மா, வாங்க வந்தவங்க ஓடிடப் போறாங்க" என்பார். அதையும் தாண்டித்தான் நூலக மாடியில், வயதானவர்களுக்கு ஏ.ஐ. சொல்லித்தரும் வேலைக்கு வந்தாள்.

அங்கேதான் அந்தக் குரலுக்கு வாழ்வு வந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். "நம்ம பேச்சுலயே கேளுங்க! அது சொன்னா அப்படியே நம்பிடாதீங்க, சரிபாருங்க!" என்று அவள் முழங்குவாள்.

"பேரன் சொல்லித்தந்தா உதடு அசையறதுதான் தெரியுது. நீ சொன்னாதான்மா காதுல விழுது" என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

ஒருநாள் தலைமை நூலகர் மேலே வந்தார். "கீழ பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கிறாங்க. சத்தம் குறையலைன்னா வகுப்பை நிறுத்திடுவேன்" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வேலை போய்விடுமே என்று அந்த வாரம் முழுக்கக் குரலை அடக்கிப் பாடம் நடத்தினாள். எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினார்கள், ஒருவருக்கும் ஒரு எழவும் புரியவில்லை. வகுப்புக்கு வரும் தையல்காரம்மா போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். இப்படி ஏமாற்றிச் சம்பளம் வாங்குவதற்குச் சும்மா இருக்கலாம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மறுவாரம் வந்து பார்த்தால் மாடியில் ஈ காக்கை இல்லை. எல்லாம் முடிந்தது என்று கீழே இறங்கினாள். தலைமை நூலகர் அறையிலிருந்து ஒரு குரல் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய மொத்த வகுப்பும் அங்கே நின்றது. டிரைவர் நீட்டிப் பிடித்த போன்தான் பேசியது:

"எங்கள் ஆசிரியை மெதுவாகப் பேசினால் நாங்கள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். பின்பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் கொட்டகையை எங்களுக்குக் கொடுங்கள். நாங்களே சுத்தம் செய்துகொள்கிறோம்."

தலைமை நூலகர் அவளைப் பார்த்தார். "நீங்க எழுதிக் குடுத்ததா?"

"அவளுக்குத் தெரியவே தெரியாது. நாங்க சொன்னோம், அது எழுதுச்சு" என்றார் தையல்காரம்மா. "மொதல்ல, இவ டாக்டர் பட்டம் வாங்கினவன்னு ஒரு புளுகைச் சேத்திருந்துச்சு. சரிபாக்காம விட்டுடுவோமா? எடுன்னு சொல்லிட்டோம்."

அவள் நெஞ்சு நிறைந்துபோயிற்று. இதற்குமேல் ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்?

தலைமை நூலகர் சிரித்துவிட்டார். மேஜையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவளிடம் நீட்டி, நூலகத்துக்கே உரிய அடங்கிய குரலில் ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றார்?" என்றார் டிரைவர், காதில் கையை வைத்துக்கொண்டு.

"கொட்டகை நமக்குத்தானாம்!"

முழுக் குரலில் சொன்னாள். வாசிப்பு அறையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். தலைமை நூலகர் அவளை அடக்கவில்லை.