மச்சாளின் கன்வெர்ட்டர்

அண்ணாவின் பழைய கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் கையை விட்டு அவருடைய மனைவி, என் மச்சாள், அதை வெளியே எடுத்த கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இத்தாலியில், சீசா என்ற பகுதியில், எங்கள் வீட்டுச் சமையலறை. மேசை முழுக்க மண்டரின் பழத்தோல். கறுப்பாக, தடித்த வளையம் போல, இரண்டு பக்கமும் கண்ணாடி தெரிகிற ஒரு சின்னப் பொருள். கமெராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூட்டினால் தூரத்துப் பறவை இன்னும் கொஞ்சம் கிட்ட வரும். டெலிகன்வெர்ட்டர் என்பார்கள். அதை வாங்கலாமா விடலாமா என்று நான் மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது சும்மா கிடைத்திருந்தது.

"தொத்தோரே தந்தவர், மச்சாள்," என்றாள். "தனக்கு இனி மலை ஏற ஏலாதாம். நீ கொண்டுபோய்ப் பறவையளைப் பார் எண்டு லென்ஸ், கமெரா எல்லாம் தந்திட்டார்."

மச்சாள் என்றுதான் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். தொத்தோரே என்று அவள் சொன்னது, அவள் பகல் முழுக்கப் பராமரித்துவந்த ஓய்வுபெற்ற பல் வைத்தியரை. வாழ்நாளெல்லாம் பறவைகளைப் படமெடுத்த மனிதர். நானும் அப்படி ஒரு வீட்டில்தான் வேலை செய்தேன், துறைமுகத்துக்குக் கிட்ட. அந்த வீட்டு அம்மா, என் சின்ஞோரா, எனக்குத் தந்தவை பழைய திரைச்சீலைகளும் ஒரு இஸ்திரிப்பெட்டியும். அன்று மச்சாளுக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்தபடி, நல்லதுதானே, என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

எங்கள் ஆட்களுக்குள் படம் எடுக்கிறவள் என்றால் அதுவரை நான்தான். கமெராவைத் தூக்கிக்கொண்டு ஒரேத்தோ ஆற்றங்கரையில் குந்தியிருக்கும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தவர்கள்கூட, எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ் நாட்காட்டி அச்சாகும் காலம் வந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். முன் அட்டைப் படம் எப்போதும் என்னுடையது. கலியாணம் முடித்து மன்னாரில் இருந்து வந்த மச்சாளைப் பொழுதுபோகட்டும் என்று ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனவளும் நான்தான். கமெராவை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை. தொத்தோரேயின் லென்ஸ் கைக்கு வந்த அந்த மாரியிலேயே அவள் ஒரு மீன்கொத்தியை எடுத்தாள். அலகில் இருந்து விழப்போகும் நீர்த்துளிகூடத் தனியாகத் தெரிந்தது. அண்ணா அதைத் தன் வாட்ஸ்அப் படமாகப் போட்டு, கண்டவரிடமெல்லாம் "என்ர மனுசி எடுத்தது" என்று காட்டித் திரிந்தார். என்னுடைய ஒரு படத்தையும் அவர் அப்படிக் காட்டியதில்லை. அண்ணாவைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மீன்கொத்தியைக் காணும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

நானும் ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். அவளுடையது ஒன்று தசம் நான்கு மடங்கு. நான் இரண்டு மடங்கு வாங்கினேன். அவளிடம் இருப்பதைவிடப் பெரியது என்ற ஒரே எண்ணம்தான். என்னிடம் இருந்தது மலிவான ஸூம் லென்ஸ். ஏற்கனவே வெளிச்சம் போதாத லென்ஸ் அது. இரண்டு மடங்கைப் பூட்டியதும் பார்வைக் கண்ணாடி பொழுதுபட்ட அறைபோல இருண்டது. ஃபோக்கஸ் மோட்டார் முன்னும் பின்னும் ஓடி ஓடி உறுமியது, எதையும் பிடிக்கவில்லை. கன்வெர்ட்டர் பறவையைப் பெரிதாக்கும்போது லென்ஸின் குறையையும் கையின் நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அதை நான் வாசித்துத்தான் இருந்தேன். ஆனாலும் வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்றே மச்சாள் பார்த்துவிட்டு, "இது உங்கட லென்ஸுக்குச் சரிவராது போலக் கிடக்கு, மச்சாள்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருட நாட்காட்டியின் அட்டைக்கு வல்லூறு வேண்டும் என்று பங்குத்தந்தை கேட்டிருந்தார். மொந்தே பெல்லெகிரினோ மலையில், புனித ரொசாலியா அம்மாளின் குகைக்கோயிலுக்குப் போகும் பழைய கற்பாதைக்கு மேலே, செங்குத்தான பாறையில் ஒரு சோடி வல்லூறுகள் கூடு வைத்திருந்தன. ஞாயிறு காலைகளில் எங்கள் ஆட்கள், கிறிஸ்தவ வேதக்காரரும் சைவக்காரருமாக, நேர்த்திக்கடனுக்கு அந்தப் பாதையில்தான் ஏறுவார்கள். கேட்டது எங்கள் இருவரிடமும். முதற்தடவையாக அந்த அட்டை எனக்கு நிச்சயமில்லை.

ஒரு வைகாசி ஞாயிறு இருவருமாகப் போனோம். நான் முக்காலியை ஊன்றி, இரண்டு மடங்கைப் பூட்டி, பாறை விளிம்பைக் கையால் ஃபோக்கஸ் செய்து காத்திருந்தேன். வெயில் ஏற ஏறப் பாறை கானலில் நெளிந்தது. எடுத்ததெல்லாம் தண்ணீருக்குள் எடுத்தது போல இருந்தது. மச்சாள் பக்கத்தில் ஒரு கல்லில் குந்தியிருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டாள். என் கமெரா உறுமுவதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். திடீரென எழும்பித் தன் கமெராவைக் கழுத்தில் இருந்து கழற்றினாள்.

"மச்சாள், இதைப் பிடியுங்கோ. சோடி வரப்போகுது. பெட்டை கத்துது, கேக்குதே?"

"அப்ப நீங்கள்?"

"நான் கண்ணாலை பாக்கிறன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அதற்குள் கை வாங்கிவிட்டது. அந்தக் கமெராவுக்குள் பார்த்தபோது எல்லாம் வெளிச்சமாக, கூர்மையாக இருந்தது. ஒன்று தசம் நான்கு அந்த லென்ஸுக்கென்றே செய்தது போலப் பொருந்தியிருந்தது. பெட்டை விளிம்பை விட்டுப் பாய்ந்தது. அதைத் தொடர்ந்து கமெராவைத் திருப்பினேன். சட்டத்துக்குள் ஆண் பறவை வந்ததும், பெட்டை தலைகீழாகப் புரண்டு அதன் காலில் இருந்த இரையைப் பறித்ததும் தெரிந்தது. விரலை எடுக்காமல் அழுத்தினேன். முடிந்தது.

படம் அச்சொட்டாக வந்திருந்தது. இன்றுவரை நான் எடுத்தவற்றில் அதுதான் சிறந்தது. மதியம் அண்ணா வீட்டில் சாப்பிடும்போது கமெராவின் சின்னத் திரையில் எல்லாருக்கும் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார்கள். பிறகு மச்சாள் தான் கண்டதைச் சொல்லத் தொடங்கினாள். ஆண் பறவை கடல் பக்கமிருந்து, துறைமுகத்தில் நின்ற, நாப்போலி போகும் கப்பலுக்கு மேலால், தண்ணீரைத் தொடுகிற மாதிரிப் பதிந்து வந்ததாம். மலையடிக்கு வந்ததும் கல்லை மேலே எறிந்தது போல நிமிர்ந்து ஏறியதாம். இரையைக் கொடுத்த பிறகு வெறுங்காலோடு ஒரு வட்டம் அடித்து, எங்கள் தலைக்கு மேலால் போகையில் குனிந்து எங்களைப் பார்த்ததாம். கறிக் கையைத் தூக்கிச் சிறகுபோல விரித்துக் காட்டினாள். அண்ணா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர்களின் மகள், "மம்மா, அன்கோரா, இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அந்த மலையில்தான் நின்றேன். இதில் ஒன்றையும் நான் காணவில்லை.

அட்டையில் அந்தப் படம் வந்தது. கீழே என் பெயர். தன் கமெராவில் எடுத்தது என்று மச்சாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானாகச் சொன்னபோதும், "அமத்தினது நீங்கள்தானே," என்று சிரித்தாள். பூசை முடிந்து ஆட்கள் என்னைப் பாராட்டியபோது, ஒரு மூலையில் வல்லூறு பறந்த விதத்தை அவள் கையால் காட்டிக்கொண்டிருந்ததையும், அவளைச் சுற்றிக் கூட்டம் நின்றதையும் பார்த்தேன். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. எரிச்சல் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

தொத்தோரே இறந்ததும் அவருடைய பிள்ளைகள் மிலானோவில் இருந்து வந்தார்கள். அப்பாவின் கமெராக்களைப் பற்றி விசாரித்தார்கள். அவர் தந்தது வாயால் தந்தது. அவள் மறு பேச்சில்லாமல் எல்லாவற்றையும் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானென்றால் படுக்கையில் விழுந்து அழுதிருப்பேன். "அவரின்ர சாமான், மச்சாள். நான் பாத்ததைக் கேக்கேல்லைத்தானே," என்றாள். அந்தச் சுகமான மனதைக் கண்டும் பொறாமைப்பட்டேன்.

பிறகு, இத்தாலியப் பாஸ்போர்ட் கையில் கிடைத்த எத்தனையோ குடும்பங்களைப்போல, அவர்களும் இங்கிலாந்துக்குப் போனார்கள். மச்சாள் அங்கே பெரிய பண்டகசாலை ஒன்றில் பெட்டி கட்டுகிறாள். கமெரா இல்லை. என்னிடம் இப்போது நல்ல லென்ஸும் அதற்குப் பொருந்திய கன்வெர்ட்டரும் இருக்கின்றன. ஞாயிறுகளில் தனியாக மலை ஏறுகிறேன்.

சென்ற ஞாயிறு வல்லூறு திரும்பவும் இரையோடு வந்தது. எடுத்த கையோடு படத்தை அவளுக்கு அனுப்பினேன். அவள் உடனே அழைத்தாள். வேலையிடத்து வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிறாளாம், மழை தூறுகிறதாம். படத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"எந்தப் பக்கத்தாலை வந்தது, மச்சாள்?"

எனக்குத் தெரியவில்லை. சட்டத்துக்குள் வந்த பிறகுதான் நான் அதைக் கண்டேன்.

"கடல் பக்கத்தாலை," என்றேன்.

"ஓம்," என்றாள். பிறகு, "பதிஞ்சு வந்திருக்கும். இப்ப காத்து அங்கையிருந்துதானே அடிக்கும்," என்று மெல்லச் சொன்னாள். அவளுடைய குரலிலேயே தெரிந்தது, அந்தத் தூறலுக்குள் நின்றபடி அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. நான் பாறைக்குக் கீழே, கமெராவைக் கழுத்தில் போட்டபடி, வெறுமையாய்க் கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.