மயில்கழுத்துப் புடவையோடு பனகல் பார்க் வரை

வாரா வாரம் சனிக்கிழமை இந்தப் பக்கத்தில் என் வேலையைப் பற்றிப் புலம்புவது வழக்கம். இந்த வாரம் பயணக் கட்டுரை. அடையாறிலிருந்து மயிலாப்பூர் வழியாகத் தி.நகர், மொத்தம் ஒன்பது கிலோமீட்டர்தான். சிரிக்காதீர்கள். ஏசி அறையில் உட்கார்ந்தே செயலி எழுதிப் பழகிய எனக்கு அது நெடுந்தூரம்.

விஷயம் இதுதான். நானும் என் கூட்டாளி ரவியும் எட்டு மாதமாக ஒரு செயலி செய்திருக்கிறோம். புடவையைக் கேமராவில் காட்டினால், அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும். தி.நகரில் ஒரு மேட்சிங் சென்டர் முதலாளி வாங்குவதாக இருந்தார். வியாழக்கிழமை கடையில் சோதித்துவிட்டு நான் 'தயார்' என்று சொன்னால், கவுன்ட்டரில் நிற்கும் ஆறு பெண்களில் நான்கு பேரைக் கிண்டி கிடங்குக்குப் பார்சல் கட்ட அனுப்பிவிடுவார். அவரே சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் அப்போது உறுத்தவில்லை. அதை மறைப்பானேன்?

காலை 9.50க்குக் கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய், பத்து நிமிடத்தில் திருமயிலை. அங்கே தோழி உமா புடவைப் பையோடு நின்றாள். அவள் நாத்தனாருக்குக் கல்யாணம். நிஜமான வாடிக்கையாளர் வேண்டுமென்று அவளை இழுத்துக்கொண்டேன்.

"சரியா மேட்ச் ஆகலேன்னா ஆத்துல என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா, சொல்லிட்டேன்" என்றாள்.

லஸ் முனையில் ஆட்டோ, நூற்று இருபது ரூபாய். சிக்னலில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னா மேடம், கைல டிவி வச்சிக்கினு கீறீங்க?"

"டேப்லெட்ண்ணா. துணிக்கு மேட்சிங் கலர் கண்டுபிடிக்கும்."

"அதுக்குத்தான் கடைல ஆளு கீதே!"

உமா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கடையில் எங்களுக்கு ஒதுக்கிய பெண் ஸ்டெல்லா. சாந்தோமிலிருந்து வருபவர், பதினோரு வருடமாக அதே கவுன்ட்டர். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. அதை அவரிடமும் சொன்னேன். தலையாட்டிவிட்டு அலமாரியில் சாய்ந்துகொண்டார்.

உமா புடவையை விரித்தாள். மயில்கழுத்து நிறம். நீல நூல் நெடுக்கிலும் பச்சை நூல் குறுக்கிலும் ஓடும் பட்டு. செயலி 'நீலம், ஏழாவது அலமாரி' என்றது. உமா புடவையைச் சற்றே திருப்பினாள். 'பச்சை, மூன்றாவது அலமாரி.' இன்னொரு முறை காட்டினோம். சாம்பல் நிறம் என்றது! துணிகளையெல்லாம் ஆபீஸ் டியூப்லைட்டில் ஒரே கோணத்தில் வைத்துப் படம் எடுத்துச் செயலிக்குச் சொல்லிக்கொடுத்த புத்திசாலி நான்தான்.

ஸ்டெல்லாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அக்கா, இத முகூர்த்தத்துக்குக் கட்டுவீங்களா, ரிசப்ஷனுக்கா?"

"ரிசப்ஷன்" என்றாள் உமா.

"மண்டபத்துல மஞ்ச லைட்டா?"

"ஆமா."

நேராகப் போய் ஒரே ஒரு துணியை உருவிக்கொண்டு வந்தார். டியூப்லைட்டில் அது ஒட்டவே இல்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதி. அவர் கண்ணாடிக்கு மேலிருந்த மஞ்சள் விளக்கைப் போட்டு, புடவையையும் துணியையும் சேர்த்துப் பிடித்தார். புடவை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இன்னும் வராத ஒரு சாயங்காலத்தின் வெளிச்சத்தை மனதில் வைத்து நிறம் தேடியிருக்கிறார். அதுவும் அரை நிமிடத்தில்!

ஒரு மணிக்கு முதலாளி வந்து டேப்லெட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "என்னம்மா, திங்கக்கிழமை போட்டுடலாமா?"

ரவியின் முகம் நினைவுக்கு வந்தது. எட்டு மாதமும்தான். "இல்லை சார், தயாராகலை. இதுக்கு இன்னும் கேள்வி கேக்கத் தெரியலை. எப்ப தெரியும்னும் சொல்ல முடியாது" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓர் அம்மாள் அரக்குப் புடவையோடு வந்து நிற்க, முதலாளி பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார். "ஸ்டெல்லா, இங்க வந்து பாரு!"

சொன்ன பிறகு கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கிண்டி விஷயம் இப்ப வேணாம்" என்று முனகிவிட்டு டேப்லெட்டை என்னிடம் நீட்டினார்.

உங்களில் யாராவது இப்படிக் கடையில் போய்ச் சோதிக்கப் போவதாக இருந்தால், வார நாளில் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு நிற்க இடமிருக்காது. ஆட்டோவைப் பனகல் பார்க்கோடு அனுப்பிவிட்டு நடப்பது உத்தமம். போக வரச் சேர்த்து இருநூற்று ஐம்பது ரூபாய்க்குள் முடியும். ரவி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தச் செலவை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை.

கிளம்பும்போது ஸ்டெல்லா வாசல் வரை வந்தார். கிடங்குச் சமாச்சாரம் எதுவும் அவருக்குத் தெரியாது.

"உங்க மிஷினு சூப்பரா கீதுக்கா. ஆனா என்னிய ஏன் பேசக் கூடாதுன்னீங்க?"

அந்தக் கேள்வியை அப்படியே ரவிக்கு அனுப்பியிருக்கிறேன்.